417ஆம் பதிவில் வரும் பிழை

நிவேதனா, நீங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்கிறீர்கள். இந்தத் திருமண வெப்சைட்டைப் பொறுப்பெடுத்து மூன்று கிழமைதான் ஆகிறது. அதற்குள் ஆறு வருடமாக ஒருவர் கண்ணிலும் படாததைப் பிடித்துவிட்டீர்கள். "417ஆம் பதிவுக்கு மட்டும் ஏன் இந்த மூன்று வரிகள்? இவற்றால்தான் எல்லா பிரவுசரிலும் ஸ்கிரிப்ட் எரர் வருகிறது. நீக்கிவிட்டேன், சரிதானே?" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் செய்தது சரிதான். ஏன் என்று கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டுமல்லவா, அதனால் இதை எழுதுகிறேன்.

அந்த வரிகளை எழுதியவன் நான். 417 என் தங்கை கஜந்தினி.

என்னை நீங்கள் மின்னஞ்சலில் மட்டுந்தான் அறிவீர்கள். 2009இல் முதுகில் ஷெல் துண்டு பட்டதிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கம்ப்யூட்டர் வேலையைப் படுத்துக் கிடந்தே படித்தேன். கனகலிங்கம் ஐயா தன் திருமண சேவைக்கு வெப்சைட் வேண்டுமென்றபோது, அலுமாரி நிறையக் கிடந்த சாதகக் கட்டுகளையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தேன். கஜந்தினி என்னைவிட ஐந்து வயது இளையவள், இங்கே கரவெட்டியில் முன்பள்ளி ஆசிரியை. அம்மா போன பிறகு என்னைப் பார்ப்பவள் அவள்தான். காலை ஐந்து மணிக்கு என்னைப் புரட்டி, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, குளிக்க வார்த்து, கதிரையில் இருத்திவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கடித உறையோடு வந்து என் மேசையருகே நின்றாள்.

"அண்ணை, என்ரை சாதகத்தையும் போட்டுவிடுங்கோவன்" என்றாள். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதில் தன் கலியாணத்துக்குத் தானே வாய் திறப்பது எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு லேசுப்பட்ட காரியமில்லை. நான் மறுக்கவில்லை. படத்தை நானே வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டி, அழகாகப் போட்டேன். அதையும் நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முதலே கேட்பாள், "அண்ணை, ஆரும் எழுதினவையோ?"

ஒன்பதாம் நாள் ஒருவர் எழுதினார். சாவகச்சேரியில் ஆசிரியர். நல்ல மனிதர் என்று எழுத்திலேயே தெரிந்தது. அவளுடைய மின்னஞ்சலைப் பார்த்துச் சொல்பவன் நான்தான் என்பதால் அதை அழித்துவிட்டேன். ஒருவர் அனுப்பிய கடிதத்தை அழிப்பது களவு. ஆனால் வராத கடிதத்தை எவரும் களவெடுக்க முடியாது. அன்று பின்னேரமே அந்த மூன்று வரிகளை எழுதினேன். 417இன் பக்கத்தில் 'விருப்பம் தெரிவிக்க' என்ற பொத்தானை அழுத்தினால், இல்லாத ஒன்றைத் தேடிப் போய் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும், கடிதம் வந்து சேராது. மற்ற எல்லோருடைய பக்கமும் ஒழுங்காக வேலை செய்யும்.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தமையன் வேண்டாமென்றால் பேச்சு முடிந்தது. நேராக மறுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். மறுத்திருந்தால் அவள் மனம் நொந்திருக்கும். அவளை நோகச் செய்ய எனக்கு மனம் வராது.

இன்னொன்றையும் நீங்கள் கேட்கக்கூடும். வீடு அவள் பேரில் இருக்கிறது, அம்மா சீதனமாக எழுதிவைத்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அவள் என்னை விட்டு எங்கும் போயிருக்கமாட்டாள். உண்மைதான். ஆனால் வருகிறவர் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு, "இஞ்சேரும், இன்னும் கொஞ்சம் படும்" என்று எழும்பப்போகும் அவளிடம் சொல்லியிருப்பார். நான் அடுத்த அறையில் விழித்துக் கிடந்து அதைக் கேட்டிருப்பேன்.

பொத்தான் வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடுகள் வெப்சைட்டின் உதவி முகவரிக்கு வந்தன. அதைப் பார்ப்பவனும் நான்தான். பெரும்பாலானவர்கள் இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். வட்டுக்கோட்டை ஜெயதீபன் மட்டும் போகவில்லை. படவரைஞர், ஒழுங்கான ஆள். பிரவுசர் சேமித்துவைத்திருக்கும் கேஷை அழித்துப் பார்க்கச் சொன்னேன், பார்த்தார். வேறு பிரவுசரில் முயலச் சொன்னேன், முயன்றார். கைத்தொலைபேசியில், மச்சானின் லாப்டொப்பில், வேலைத்தலத்துக் கம்ப்யூட்டரில் என்று ஒவ்வொன்றிலும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து அனுப்பினார். ஒரே பிழை எல்லா பிரவுசரிலும் வந்தால் அது பிரவுசரின் பிழையில்லை என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அதை அவருக்கு நான் சொல்லவில்லை. அடுத்த பிரவுசரின் பெயரைச் சொன்னேன். இப்படி நான்கு மாதம் போனது.

கனகலிங்கம் ஐயாவும் ஒருநாள் போன் எடுத்தார். "தம்பி, உந்தப் பெடியன் நாலுதரம் கதைச்சிட்டான். என்னவோ பிழை வருதாம். ஒருக்கால் வடிவாய்ப் பாரும்."

"அவரின்ரை கம்ப்யூட்டரிலை வைரஸ் ஐயா" என்றேன். அவர் நம்பினார். நல்ல மனிதர், அவர்மேல் குற்றமில்லை.

ஜெயதீபனின் கடைசி மின்னஞ்சல் இப்படி இருந்தது: "இது உங்கள் வேலை இல்லை, மன்னிக்கவும். பெண்ணின் தமையனார் நடக்க இயலாதவர் என்று பதிவில் இருக்கிறது. அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. என் அப்பா ஏழு வருடம் படுக்கையில் இருந்தவர். தூக்கவும் புரட்டவும் எனக்குப் பழக்கம். பொத்தான் வேலை செய்யாவிட்டாலும், இதை மட்டுமாவது அந்த வீட்டாருக்குச் சொல்லிவிடுவீர்களா?"

வாசித்துவிட்டு அழுதேன். உண்மையாகவே அழுதேன், நிவேதனா. அப்படியொரு மனிதன் அவளுக்குக் கிடைக்க வேண்டுமென்று நான் நேர்ந்துகொண்ட நாட்கள் உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரவுசரை முழுதாக நீக்கி மறுபடி நிறுவிப் பார்க்கும்படி பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

கஜந்தினியின் சாதகத்தில் கொஞ்சம் செவ்வாய்க் குற்றம் இருப்பதாக யாரோ சாத்திரி சொன்னார். எவரும் எழுதாததற்கு அதுதான் காரணமென்று அவள் பிடித்துக்கொண்டாள். நானும் இல்லையென்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் விரதமிருந்து மெலிந்துபோனாள். மூன்றாம் வருடம் படத்தை மாற்றித் தரச் சொன்னாள். நாலாம் வருடம், மாப்பிள்ளைக்கு அரச வேலை வேண்டுமென்றிருந்ததை எடுக்கச் சொன்னாள்.

போன வருடம், "தாரமிழந்தவையும் பரவாயில்லை எண்டு போடுங்கோ அண்ணை" என்றாள். அதை இந்தக் கையால்தான் டைப் செய்தேன். அன்று கிணற்றடியில் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு நின்று அழுதாள், எனக்குக் கேட்கக்கூடாதென்று. மோட்டரை நிறுத்திய பிறகும் சற்று நேரம் கேட்டது. அன்று நான் சாப்பிடவில்லை.

நீங்கள் வரிகளை நீக்கிய பிறகு, பதினொரு நாளில் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர் மனைவியை இழந்தவர், நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை. படத்தில் அந்தப் பிள்ளை அவர் தோளில் ஏறி இருக்கிறது. இரண்டையும் நான் அழிக்கவில்லை. அவளுக்குக் காட்டவுமில்லை.

இன்று காலை என்னைக் கதிரையில் இருத்திக் கால்களை எடுத்து வைத்துவிட்டு, "பக்கம் அப்பிடியே கிடக்கட்டும் அண்ணை. ஒருத்தரும் எழுதாட்டிலும் இனிப் பரவாயில்லை. நீங்கள் இருக்கிறியள், எனக்கு அது காணும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் மனம் ஆறியிருக்கிறது. தேடி வந்தவர்கள் இருந்தார்கள் என்று முப்பத்துநாலு வயதில் அவளுக்குத் தெரியவந்தால் தாங்கமாட்டாள்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். கனகலிங்கம் ஐயாவிடம் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். பொறுப்பு உங்களிடம் வந்த பிறகு எனக்கு வெப்சைட்டுக்குள் போக வழியில்லாதபடியால் ஒரேயொரு உதவி கேட்கிறேன். அந்த மூன்று வரிகளையும் கீழே இணைத்திருக்கிறேன். இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. தங்கைக்காகத்தான் கேட்கிறேன். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யாருமில்லை.