நான் கொடுத்த மாத்திரைகள்

எனக்கு வயது நாற்பத்து மூன்று. பைண்டர் என்றால்தான் என்னைத் தெரியும். அச்சகத்தில் புத்தகம் தைத்து அட்டை போடுவது என் தொழில். அச்சகத்தின் மேல்மாடியில் இரண்டு அறை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். என் மனைவி மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டதாக மருத்துவமனை அனுப்பிய தகவலின் பேரில், அது தற்கொலை முயற்சியா என்று காவல் நிலையத்திலிருந்து தாங்கள் வந்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

திங்கட்கிழமை காலை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பள்ளிப் புத்தக வேலை கழுத்தை நெரித்ததால் டாக்டரிடம் கூட்டிப் போகாமல், மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கி, வேளைக்கு இரண்டாக நாளுக்கு நான்கு வேளை கொடுத்தேன். அதன் பிறகு மூக்கடைப்பு என்றதால் வேறொரு கடையில் சளி மாத்திரை வாங்கினேன். அதன் பிறகும் உடம்பு வலி குறையாததால், என் முதுகுவலிக்கு வாங்கி அலமாரியில் மீந்திருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்றும் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். எந்த அட்டையையும் திருப்பிப் படிக்கவில்லை. செவ்வாய் முழுதும் அவளுக்குத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை.

புதன் மதியம் அவள், "வயித்தப் பொரட்டுதுங்க, இந்த மாத்திர வேணாமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், கண்ண மூடிட்டு முழுங்கு" என்று நான்தான் தலையைப் பிடித்து வாயில் போட்டேன். விழுங்கிவிட்டு, "நீங்க போங்க, வேல கெடக்குல்ல" என்றாள். போனேன்.

வியாழன் காலை அவள் கண்கள் மஞ்சளாக இருந்தன. என்னைப் பார்த்து, "அண்ணே, எப்ப வந்தீங்க?" என்றாள். அவளுக்கு அண்ணன் கிடையாது. தோளில் தூக்கிப் படியிறங்கி, வண்டி பிடித்து மருத்துவமனையில் சேர்த்தேன். டாக்டர் மூன்று அட்டைகளிலும் பேனாவால் கோடிட்டுக் காட்டி, "மூணுலயும் பாராசிட்டமால்தாங்க இருக்கு. அளவு மீறி கல்லீரலத் தாக்கியிருக்கு" என்றார்.

அதன் பிறகு வராந்தாவில் என் மச்சினன், அவளுடைய தம்பி, "மாமா, அக்காவே தெரியாம எடுத்துப் போட்டுக்கிச்சுன்னு சொல்லிடுங்க" என்றான். என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னான். என்னால் முடியாது.

பிழைப்பாளா என்பது இரண்டு நாளில் தெரியும் என்கிறார்கள். அவள் சாக நினைத்தவள் அல்ல. அவளாக ஒரு மாத்திரை கூட எடுக்கவில்லை. அத்தனையும் என் கையால் கொடுத்தது. அவள் கண் விழித்தால் அவளையும் விசாரிப்பீர்கள். என்னைக் காப்பாற்ற வேறு மாதிரி சொல்வாள். அதை நம்ப வேண்டாம்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)