இரண்டு இடது கைகள்

— ஹில்லெவி, உங்க பெரியண்ணன்கிட்ட கேளு, இந்த இரும்பு பெஞ்சுக்கு வலது பக்கக் கைப்பிடி எங்கன்னு.

— எஸ்கில் அண்ணே, டோர்ஸ்டன் அண்ணன் உலைக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறாரு. நீங்களே கேளுங்க. எனக்கு மெழுகு பூசுற வேலை கிடக்கு.

— என்கிட்ட எதுக்குக் கேட்கணும்? அப்பாவோட பட்டறையைப் பங்கு பிரிச்சு, நாளைக்குப் பட்டடைக்கல்லை வண்டியில ஏத்திக்கிட்டுப் போறவன்தானே. போகட்டும்.

— கேட்டுக்கோ ஹில்லெவி. நான் அடிச்சது இடது கை. அவரு அடிச்சதும் இடது கை. சேர்த்து வெச்சா ஒரு சுருள் தெருவைப் பாக்குது, ஒரு சுருள் சுவத்தைப் பாக்குது.

— என்கிட்ட இவ இடதுன்னுதான் சொன்னா.

— என்கிட்டயும் அப்படித்தான் சொன்னா.

— பேசிக்காத ரெண்டு பேருக்கு நடுவுல குளிர்காலம் பூராவும் தூது போனேன், அண்ணே. மாத்திச் சொல்லியிருப்பேன்.

— வெள்ளிக்கிழமை மிட்சம்மர் திருநாள். பெஞ்சு செய்யச் சொன்ன அல்ம்கிரென் அம்மா தோட்டத்துல அன்னைக்கு இதைப் போட்டாகணும். ஒண்ணை அறுத்துத் திருப்பி, வெல்டிங் வெச்சுடறேன்.

— வெல்டிங்கா? பழுக்கக் காய்ச்சின இரும்புப் பட்டையைச் சுத்தி இறுக்கின சுருள்டா அது. இந்தச் சண்டை தொடங்கினதே உன் வெல்டிங்காலதான்.

— பெரியண்ணே, சின்னண்ணன்கிட்ட நேராப் பேசிட்டீங்க.

— பேசல. திட்டினேன்.

— நானும் பேசல. காதுல விழுந்துச்சு.

— இரு. எஸ்கில், நீ அடிச்ச கையைத் தூக்கிப் பிடி. என்னைப் பாத்து நில்லு. இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல. அவ்வளவுதான்.

— அட.

— கையில தப்பில்ல, பெஞ்சுலதான் தப்பு. சட்டத்தை நடுவுல பாம்பு மாதிரி நெளிச்சா, ஒருத்தர் ஏரியைப் பாத்து உக்காரலாம், ஒருத்தர் வீட்டைப் பாத்து. தோளோட தோளா, முகம் பாத்துப் பேசலாம். அதுக்கு ரெண்டு கையும் இடதாத்தான் இருக்கணும்.

— கேட்டுக்கோ ஹில்லெவி, அந்த நெளிவு ஒத்தை ஆளால ஆகாது. ஒருத்தன் இடுக்கி பிடிக்கணும், ஒருத்தன் அடிக்கணும்.

— அப்ப பிடி.

— வண்டிக்காரன் காலையில வந்துடுவானே.

— வரட்டும். காப்பி குடிச்சுட்டுத் திரும்பிப் போகட்டும்.

— பட்டடைக்கல்லு?

— அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்டா. அந்தம்மாகிட்ட என்ன சொல்றது? பெஞ்சு கேட்டாங்க, வேற என்னமோ கொண்டுபோய் நிறுத்துறோம்.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம், பெரியண்ணே. நீளக்கம்பியை அளவா வெட்டி உலைக்குப் பின்னால சாத்தி வெச்சிருக்கேன். அந்தம்மா முதல்லேருந்தே கேட்டது அந்த நெளிவு நாற்காலிதான்.