ஜூன் பதினான்கை விட்டுவிட்டு மேலே போகவும்

புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பது எனக்குப் பிடித்த வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டாக்டோரா. எலியேசருக்குப் புது மெஷின் என்றாலே ஆகாது என்று ஆபீசில் இரண்டு மூன்று பேராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பொய். மேலே ஒட்டிய மெல்லிய தாளை நானே நிதானமாக உரிப்பேன், மடித்து வைத்துக்கொள்வேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

நீங்கள் அரசு வழக்கறிஞர், உங்களுக்கு வேண்டியது வரிசைதான். வரிசையாகவே சொல்கிறேன்.

நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். மலைச்சரிவுகளில் இருக்கும் குடியிருப்புகளுக்கு எச்சரிக்கை சைரன் செய்து கொடுப்பது எங்கள் வேலை. மண்ணுக்குள் ஒரு குழாய் இறங்கியிருக்கும். மண் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று அது எண்ணாகச் சொல்லும். எண் எல்லையைத் தாண்டினால் சைரன் அலறும், சனங்கள் வீட்டை விட்டு இறங்குவார்கள். அந்தக் கணக்கை எழுதியவன் நான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தனி ஆளாக.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆல்ட்டோ தெல் குவாமோ என்ற மலைக் குடியிருப்பில் அந்தச் சைரன் அலறியது. சோற்றுத் தட்டோடு ஓடி வந்தவர்கள் உண்டு. ஏழு நிமிஷம் கழித்து மேல் தெரு முழுக்க ஓடைக்குள் போய் விழுந்தது. அறுபத்து மூன்று குடும்பம், ஒருவருக்குக்கூடக் கீறல் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் என் போட்டோவைச் சட்டம் போட்டு அவர்கள் தேவாலயத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை. சைரன் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் தோன்யா ஒத்தீலியா ஒவ்வொரு டிசம்பரும் என் வீட்டுக்கு ஒரு பாத்திரம் நிறைய நாத்தில்யா என்ற பால் இனிப்பைக் கிண்டி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வருவார். அதில் இலவங்கப்பட்டை கொஞ்சம் அதிகமாக இருக்கும். நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். சைரன் கணக்கில் ஒரு எழுத்து மாறினாலும், மாற்றியவரே சனிக்கிழமை மலையேறிப் போக வேண்டும். தேவாலயத்தில் ஊரார் முன்னால் நின்று, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அவர்களுக்குப் புரிகிறபடி சொல்ல வேண்டும். நல்ல வழக்கம். அதை வைத்து எங்களைப் பற்றிப் பத்திரிகையில்கூட எழுதினார்கள். ஆபீசில் எத்தனையோ பேர் போய் நின்றிருக்கிறார்கள். நான் மட்டும் போக வேண்டி வந்ததில்லை, ஏனென்றால் என் பகுதியில் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்த வருஷம் ஜனவரியில் ஹிமேனா அர்பெலாயேஸ் மேலாளராக வந்தாள். முப்பத்தொரு வயது. கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஜூலைக் கடைசியில் எல்லோருக்கும் புது வகைச் சிப் வைத்த கணினி வாங்கினாள். மலையில் இருக்கும் சைரன் பெட்டிகளையும் அதே வகைச் சிப்புக்கு மாற்றப்போவதாகச் சொன்னாள். கரண்ட் கொஞ்சமாகத் தின்னும், மழையில் மின்சாரம் போனாலும் சூரியத் தகட்டில் நாலு நாள் ஓடும் என்றாள். அதுவும் நியாயம்தான். பழைய பெட்டி இடி இடித்தாலே செத்துப்போகும்.

"தோன் எலியேசர், மொத மெஷின நீங்களே தயார் பண்ணிக் குடுங்க. ஷீட் எழுதிடுங்க, மத்தவங்க அதப் பாத்துப் பண்ணிப்பாங்க," என்றாள்.

எங்களிடம் அதுதான் முறை. முதலில் யார் மெஷினைத் தயார் செய்கிறாரோ அவர் ஷீட் எழுதுவார். முதலில் இதை இறக்கு, அடுத்து இந்தக் கட்டளையை அடி, பிறகு அதைக் கட்டு என்று ஒவ்வொரு வரியாக. மற்றவர்கள் அதை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். என் பக்கத்து மேசை துவான் இதில் மன்னன். "ஷீட்டப் படிச்சா பாவம், வாத்தியாரே. ஒட்டணும், நம்பணும்," என்பான். நாற்பது வயது ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலையில் உட்கார்ந்தேன். புது வகைச் சிப் என்றால் பாதிக் கருவிகள் அதற்கென்று இன்னும் வந்திருக்காது. பழைய சிப்புக்கு எழுதியதை அது உள்ளுக்குள் மொழிபெயர்த்து ஓட்டும், ஆனால் மெதுவாக ஓடும். வேகம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் புதுச் சிப்புக்கென்று மறுபடி கட்ட வேண்டும். பழையது ஒரு இடத்தில் போய் உட்காரும், புதியது இன்னொரு இடத்தில் உட்காரும், இரண்டும் கலந்தால் அன்றைய பொழுது போச்சு. மதியம் வரை மண்டையைக் குடைந்தது. ஒருவழியாக இரண்டையும் பிரித்துத் திரையில் தனித்தனி ஜன்னலில் வைத்தேன். இடது பக்கம் மொழிபெயர்த்து ஓடுவது. வலது பக்கம் புதுச் சிப்பிலேயே நேராக ஓடுவது.

பிறகு சோதனைகளை ஓட்டினேன். மொத்தம் நானூற்றுப் பதினொன்று. அதில் ஒன்றின் பெயர் ஜூன் பதினான்கு. அன்றைக்குக் குழாய் அனுப்பிய அதே எண்களை அப்படியே கணக்குக்குள் ஊட்டுவது. முடிவில் சைரன் அலற வேண்டும். அதை எழுதியவனும் நான்தான்.

இடது ஜன்னலில் சைரன் அலறியது. வலது ஜன்னலில் அலறவில்லை.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு மண் நகர ஆரம்பித்ததும் குழாய் முறிந்திருக்கிறது. முறிந்த குழாய் மைனஸ் மூன்று என்று அனுப்பியிருக்கிறது. என் கணக்கில் மைனஸ் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பழைய சிப் அந்த மைனஸ் மூன்றைப் புரட்டிப் போட்டு நானூற்று இருபத்தொன்பது கோடி என்று வாசித்திருக்கிறது. எல்லையைத் தாண்டிவிட்டது என்று சைரன் அலறியிருக்கிறது. புதுச் சிப் ஒழுங்கான சிப். மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். பூஜ்யம் என்றால் மண் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம், திரையில் பச்சை விளக்கு.

புரிகிறதா, டாக்டோரா? அறுபத்து மூன்று குடும்பத்தைக் காப்பாற்றியது என் கணக்கு இல்லை, என் தப்பு. அது பழைய சிப்பின் ஒரு குணத்தில் தற்செயலாக நல்லதாக முடிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

துவான் எட்டிப் பார்த்தான். "என்ன வாத்தியாரே, ஒண்ணு மட்டும் செவப்பா நிக்குது?"

"புதுச் சிப்போட குணம்டா அது. பழைய ரெக்கார்டு அதுக்கு ஒத்துவரல."

"அப்ப நாங்க என்ன பண்ண?"

"ஷீட்ல எழுதுறேன். ஒட்டிக்கோ."

எழுதினேன். இருபத்தேழாவது வரி. 'இந்த மெஷினில் ஜூன் பதினான்கு சோதனை மட்டும் சிவப்பாக வரும். அதை விட்டுவிட்டு மேலே போகவும்.' நல்ல தெளிவான வரி. ஒளித்து வைக்கவில்லை, சின்ன எழுத்தில் எழுதவில்லை. எட்டுப் பேர் அதை எடுத்து ஒட்டினார்கள். சைரன் பெட்டிக்கான மெஷினும் அதே ஷீட்டில்தான் தயாரானது. எட்டுப் பேரில் ஒருவராவது ஏன் என்று கேட்டிருக்கலாம். ஹிமேனா கேட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒரு சோதனைய விட்டுட்டுப் போகச் சொல்லிருக்கீங்களே, அது பரவால்லையா?"

"பரவால்லம்மா. அது சும்மா ஞாபகத்துக்கு வச்சது."

"நீங்க சொன்னா சரி, தோன் எலியேசர்."

வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தவள். நான் சொன்னால் சரியாம். அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? நம்பச் சொல்லி நான் யார் கழுத்திலும் கத்தி வைக்கவில்லை.

செப்டம்பரில் ஆல்ட்டோ தெல் குவாமோவில் பெட்டியை மாற்றினார்கள். கணக்கில் ஒரு எழுத்தும் மாறவில்லை, பெட்டிதான் மாறியது. அதனால் யாரும் தேவாலயத்தில் போய் நிற்க வேண்டி வரவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தோன்யா ஒத்தீலியா வழக்கம்போலச் சோதனைப் பொத்தானை அழுத்தினார். சைரன் முன்னைவிட நன்றாக அலறியது. அந்தப் பொத்தான் கணக்கின் வழியாகப் போவதில்லை, நேரே சைரனுக்குப் போவது. எனக்குப் போன் செய்து சொன்னார்.

"கீழ சந்தை வரைக்கும் கேட்டுச்சாம், தோன் எலியேசர். உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்."

"சந்தோஷம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

என் தங்கை நூபியாவைப் பற்றி நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஆமாம், அவள் அங்கேதான் இருந்தாள், தேவாலயத்துக்கு மேலே நான்காவது வீடு. ஆமாம், அக்டோபரில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

"ஏண்ணே, திடீர்னு?" என்று கேட்டாள்.

"மழ ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க."

"அதுக்குத்தான் சைரன் இருக்கே. நீ வச்ச சைரன்."

"இருக்கட்டும். உங்க அண்ணி தனியா இருக்கா. வந்து கூட இரு."

துணிப் பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "ஒத்தீலியா அக்காவையும் ரெண்டு மாசம் கூட்டிட்டு வரட்டுமா? அவங்களுக்கும் யாரு இருக்கா?"

"நம்ம வீட்ல எடம் ஏது, நூபியா?"

இடம் இல்லைதான். வந்து அளந்து பாருங்கள். தங்கையைக் கூட வைத்துக்கொள்வது எந்தச் சட்டத்தில் குற்றம்? இந்த ஊரில் மழைக்காலத்தில் உறவுக்காரர்களைக் கீழே அழைத்துக்கொள்ளாத குடும்பம் எது?

நவம்பர் ஒன்பது, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால். நேற்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள், தப்பி வந்த அந்தப் பெண் சொன்னதை. மேலே மலை முனகுகிற சத்தம் கேட்டு ஆறேழு வீட்டுக்காரர்கள் மழையில் வெளியே வந்து நின்றிருக்கிறார்கள். தோன்யா ஒத்தீலியா ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். திரையில் பூஜ்யம், பச்சை விளக்கு. திரும்பி வந்து சொன்னாராம்: "ஒண்ணுமில்லப்பா, மண்ணு காஞ்சுதான் கெடக்குதாம். தோன் எலியேசர் பெட்டி பொய் சொல்லாது. பிள்ளைங்கள நனைய விடாதீங்க, உள்ள போங்க." எல்லோரும் உள்ளே போனார்கள். மலை சரிந்து வீடுகளை மூடியது. பத்தொன்பது பேர். அவரும்தான்.

அதைப் படித்துவிட்டு நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கொட்டுகிற மழையில் காய்ந்த மண்ணா என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டாமா? அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வருத்தம் உண்டு. இந்த டிசம்பரில் நாத்தில்யா வராது என்று எனக்கும் தெரியும்.

சரி, நான் ஏன் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்றைக்குத் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். காரணம் உங்கள் கையில் இருக்கிற நிபுணர் அறிக்கை. ஒன்பதாம் பக்கம். 'புதிய சிப்பில் எழுந்த பிழையை எலியேசர் புஸ்தமாந்தே கவனித்திருக்கலாம். ஆனால் போதிய தொழில்நுட்ப அறிவு இல்லாததால் அதைத் திருத்த இயலாதவராக இருந்தார்.' என் வக்கீல் இதைப் பார்த்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "இந்த ஒரு வரி போதும் தோன் எலியேசர், தண்டனை பாதியாக் கொறைஞ்சிரும். வாயத் தொறக்காம இருங்க," என்றார்.

பன்னிரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். அந்த நிபுணருக்கு இருபத்தெட்டு வயதிருக்குமா? நான் இயலாதவனா?

என் கணினியை எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதில் என் பெயரில் உள்ள இடத்துக்குள் 'பிறகு' என்று ஒரு கோப்புறை இருக்கும். அதைத் திறக்கச் சொல்லுங்கள். மைனஸ் வந்தால் குழாய் முறிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சைரனை அலறவிடும் ஒரே ஒரு வரி. ஆகஸ்ட் மூன்று, பிற்பகல் இரண்டு ஐம்பது. ஷீட்டில் அந்த இருபத்தேழாவது வரியை எழுதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால். காப்பி ஆறுவதற்குள் எழுதிவிட்டேன். ஓட்டிப் பார்த்தேன். இடது ஜன்னலிலும் அலறியது, வலது ஜன்னலிலும் அலறியது. நானூற்றுப் பதினொன்றும் பச்சை. பழைய சிப், புதுச் சிப், நாளைக்கு இன்னொரு சிப் வந்தாலும் அசையாது.

அதை வெளியே விட்டிருந்தால் சனிக்கிழமை நான் மலையேறிப் போயிருக்க வேண்டும். என் போட்டோவுக்குக் கீழே நின்று, அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது நான் இல்லை என்று தோன்யா ஒத்தீலியாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்ய நான் விரும்பவில்லை. விரும்பாதது வேறு, இயலாதது வேறு.

மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும், டாக்டோரா. பத்தொன்பது பேர், நூபியா, இருபத்தேழாவது வரி, எதையும் நான் மறுக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் 'இயலாதவர்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டுத் தாருங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.