ஏழுமலை திருப்பிக் கொடுத்த ராடு

வாடிக்கையாளர் சொல்லும் அபிப்பிராயத்தை நான் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. நாவலானாலும் சரி, இஸ்திரிப் பெட்டியானாலும் சரி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவர் சொல்வதுதான் முடிவு. கடைக்காரன் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

நீங்கள் தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர் என்பதால்தான் உங்களைத் தேடி வந்தேன், வேதாச்சலம் சார். வங்காளியில் எனக்குக் கடைப் பேச்சு நன்றாக வரும். இது அதில் சொல்லக்கூடிய விஷயமில்லை.

இந்தக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் என் கடை. ஒரு பாதியில் தமிழ்ப் புத்தகங்களை வாடகைக்குக் கொடுத்தோம். மறு பாதியில் குக்கர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, குளிர்காலம் வந்தால் வாளித் தண்ணீரில் போட்டுச் சுடவைக்கிற ஹீட்டர் ராடு. இரண்டு பாதிக்கும் ஒவ்வொரு வழக்கம் வைத்திருந்தேன். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர் கவுண்டரில் நின்று, நாலு பேர் கேட்க, தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த புத்தகம். சாமானில் குறை என்று யாராவது கொண்டுவந்தால் வேறு மாற்றிக் கொடுத்துவிட்டு, குறைப்பட்டதன் வயரை அவர் கண்ணெதிரிலேயே வெட்டிவிடுவேன். அது இனிமேல் யார் வீட்டுக்கும் போகாது என்பதை அவரே பார்த்துவிட்டுப் போகட்டும். ஹவுராவிலிருந்தும் கிடர்பூரிலிருந்தும் பஸ் மாறி என் கடைக்கு ஜனங்கள் வந்தார்கள் என்றால் அந்த வெட்டுக்காகத்தான் வந்தார்கள்.

புத்தகப் பாதியைப் பார்த்துக்கொண்டவள் ராஜலக்ஷ்மி. என் தம்பியின் மனைவி. தம்பி சின்ன வயதில் போய்விட்டான். குழந்தை இல்லை. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். எனக்கு என்ன சாப்பாடோ அதுதான் அவளுக்கும். புத்தகம் படிக்கிற பழக்கம் இருந்ததால் கடையில் உட்காரவும் அனுமதித்தேன். இதையெல்லாம் நான் உதவி என்று சொல்லிக்காட்டியதில்லை. இப்போது கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு ஒரு பெண் இருந்தாள். ஜலஜா. ஹவுராவில் ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவருக்குக் கொடுத்தேன். ஒரு தீபாவளிகூட முடியவில்லை, புருஷன் வீட்டை விட்டு இறங்கிவிட்டாள். அடித்தார் என்றாள். அடிக்காத புருஷனை யார் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன். டாலிகஞ்ச்சில் ஏதோ ஸ்டுடியோவில் நடிகைகளுக்கு ரவிக்கை தைக்கிற வேலையில் சேர்ந்துகொண்டாள். எங்கள் தெருவிலிருந்து டிராமில் ஏறினால் கொஞ்ச தூரம்தான்.

எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்து மூன்று தலைமுறை. எங்கள் வீட்டுப் பெண் வாழாவெட்டியாக வந்தாள் என்று யாரும் சொன்னதில்லை. அதனால் மாப்பிள்ளையின் சொந்த ஊரான திருச்சிக்குப் போன இடத்தில் ஜலஜா மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். காரியங்களை அங்கேயே மாப்பிள்ளை செய்துவிட்டார் என்றும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுகல்யாணத்துக்கு அவருக்கும் அதுதான் சௌகரியம். பதிமூன்றாம் நாள் இங்கே எல்லாரையும் கூப்பிட்டு இலை போட்டேன். ஜலஜாவுக்குத் தபாலில் ஒரே வரி எழுதிப் போட்டேன்: இந்தப் பக்கம் வரக்கூடாது. அவளும் வரவில்லை. அந்த விஷயத்தில் அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் மனைவி அன்னம் அடுத்த வருஷமே போய்விட்டாள். அது நிஜமான சாவு.

போன மழைக்காலத்தில் மெட்ராஸிலிருந்து வந்த புத்தகக் கட்டில் ஒரு நாவல் இருந்தது. ‘இலை போட்டாச்சு’ என்று பெயர். எழுதியவர் சாருமதி. யார் என்று தெரியவில்லை. ஒரே மாதத்தில் அந்தப் புத்தகத்தின் அட்டை கிழிந்துபோனது. அத்தனை கை மாறியது.

பேங்க் அதிகாரியின் மனைவி கல்யாணி மாமி அதைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று கடையில் நல்ல கூட்டம். எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது.

“மாமா, ரெண்டு தடவை படிச்சுட்டேன். உசிரோட இருக்கிற பொண்ணுக்கு ஊரைக் கூப்பிட்டுப் பதிமூணாம் நாள் சாப்பாடு போடறான் ஒரு அப்பன். அவனை மட்டும் என் கையில குடுங்கோ, கரண்டியாலயே நாலு வைக்கறேன்.”

துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ரிடையரான பட்டாபிராமன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “கரண்டி எதுக்கு மாமி? எங்க கிடர்பூர் டாக்குல குடுங்கோ. சரக்கோட சரக்கா கட்டிக் கப்பல்ல ஏத்திடறேன்.”

“கப்பல் முழுகிடும். அவன் கௌரவம் அத்தனை கனம்.”

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரன் என்ற முறையில் நானும் சிரித்தேன். அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று கடையைச் சாத்தியதும் நாவலை நான் படித்தேன். எல்லாம் இருந்தது. மஞ்சள்காமாலை, திருச்சி, மாப்பிள்ளையின் மறுகல்யாணம். ‘அவளுக்குப் பாயசம் ரொம்பப் பிடிக்கும், இன்னும் கொஞ்சம் விட்டுக்கோங்கோ’ என்று நான் பந்தியில் சொன்னதுகூட இருந்தது. சாப்பாடு நடக்கும்போது அந்தப் பெண் எதிரே டிராம் நிறுத்தத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்று, எச்சில் இலைகள் தெருவில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு அத்தியாயம். அது எனக்கே தெரியாது. ஜன்னலோரம் நின்று யாராவது அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

நிதானமாக யோசித்தேன். நான் அவசரப்படுகிறவன் இல்லை. அன்று வந்து சாப்பிட்டவர்கள் அந்தச் சாவை நம்பியவர்கள், அவர்களுக்குக் கதையைப் படித்தாலும் சந்தேகம் வராது. விஷயம் தெரிந்தவர்கள் யார்? நான். அன்னம், அவள் இல்லை. மாப்பிள்ளை ரயில்வே டைம்டேபிளைத் தவிர எதையும் படிக்காதவர், எழுதுவது எங்கே. மீதி ராஜலக்ஷ்மி. பந்தி நடந்தபோது அவள்தான் ஜன்னல் பக்கம் நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

என் உப்பைத் தின்றுகொண்டு, என் கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறாள். அதை என் கடையிலேயே வைத்து என் வாடிக்கையாளர்களுக்கே கொடுக்கிறாள். கோபம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் தப்பு. அது வேறு. எனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நம்பிய வீட்டில் நான் மட்டும் வெளியாளாக இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. கடை வழக்கப்படி அவளிடமும் அபிப்பிராயம் கேட்டேன்.

“படிச்சயா?”

“படிச்சேன் அண்ணா.”

“எப்படி இருக்கு?”

புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். “பொய் ஒண்ணும் இல்லை அண்ணா. அந்த அப்பாவைத்தான் இன்னும் கொஞ்சம் கருணையா எழுதியிருக்கலாம். அவருக்கும் அழத் தெரியும்னு எழுதினவாளுக்குத் தெரியலை.”

எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தைப் பற்றி இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைக்க முடியும், சொல்லுங்கள்.

மார்கழி பிறந்ததும் கல்யாணி மாமி வேறொரு செய்தி கொண்டுவந்தாள். “மாமா, சாருமதி யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. மெட்ராஸே இல்லையாம், நம்ம கல்கத்தாதானாம். தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுக்கு வரச் சம்மதிச்சுட்டா. பேரை மேடையிலதான் சொல்லுவாளாம். நீங்க முதல் வரிசையில உக்காரணும், ஆமா.”

ராஜலக்ஷ்மி அலமாரிப் பக்கம் திரும்பிப் புத்தகங்களை அடுக்கினாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததை நான் பார்த்தேன்.

மேடை ஏறிப் பெயரைச் சொன்னால், அடுத்த கேள்வி அந்த அப்பா யார் என்பதுதான். முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும்.

அந்த வாரம்தான் மளிகைக் கடை ஏழுமலை ஒரு ஹீட்டர் ராடைத் திருப்பிக் கொண்டுவந்தான். “சாமி, இது தண்ணியைச் சுடவைக்கலை, என்னைத்தான் சுடவைக்குது. வாளியைத் தொட்டாலே சுர்ருங்குது. எங்க வீட்டுக்காரி, உங்களுக்கு ஏதாவது ஆனா கடை எனக்கான்னு கேக்கறா.”

வேறு ராடு எடுத்துக் கொடுத்தேன். வெட்டுவதற்காகக் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து லோட் ஷெடிங், கரண்ட் போய்விட்டது. கடை இருட்டாகிவிட்டது.

“வெட்டிடுவீங்கல்ல சாமி?” என்று இருட்டில் கேட்டான்.

“ஜம்புநாதன் கடையில் அதைக் கேட்க வேண்டாம்” என்றேன்.

விளக்கு வந்த பிறகு பார்த்தேன். பிளேயர் ஒரு கையில், ராடு ஒரு கையில். ராடை ஒரு துணிப்பையில் போட்டேன்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். அதை நான் விற்கவில்லை. யாருக்கும் விற்க நினைக்கவும் இல்லை. வீட்டிலிருந்த ராடை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இதைக் குளியலறை ஆணியில் மாட்டினேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். நான் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவன் என்பது ராஜலக்ஷ்மிக்குத் தெரியும்.

உங்களுக்கே தெரியும், இந்த ஊரில் கரண்ட் போனால் யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், வந்தால் தானாகச் சுடட்டும் என்று விட்டுவிடுவார்கள். தண்ணீர் போதுமான சூடாகிவிட்டதா என்று நடுவில் வாளியில் கையை விட்டுப் பார்ப்பார்கள். பெண்கள் எல்லாரும் செய்வதுதான். அன்று காலை அவள் ராடை வாளியில் போட்டுச் சுவிட்சைப் போடும்போதே கரண்ட் போயிற்று. நான் கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பித்தளை வாளியை நகர்த்திவிட்டு, வளையல் இல்லாத கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள். கதவு திறந்துதான் இருந்தது.

“அண்ணா, காபி டிகாக்ஷன் இறங்கியாச்சு. குளிச்சுட்டு வந்து கலந்து தரேன்” என்றாள், கை தண்ணீருக்குள் இருக்கும்போதே.

சுவிட்சை அணைத்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சரி என்று சொன்னேன்.

எதிர் வீட்டுப் பிள்ளைகள் கரண்ட் வந்தால் எப்போதும் கூச்சல் போடுவார்கள். அன்றும் போட்டார்கள். அதன் பிறகு நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

உங்களுக்கு முன் இருந்த அதிகாரி வந்து பார்த்தார். விபத்து என்று எழுதினார். ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். காரியங்களை நானே முறைப்படி செய்தேன், ஒன்றுகூட விடவில்லை. சங்கத்து விழாவைத் துக்கத்துக்காகத் தள்ளிவைத்தார்கள். எழுதியவளே இல்லாதபோது விழா ஏது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பதிமூன்றாம் நாள் பந்தி நடந்துகொண்டிருந்தது. கல்யாணி மாமி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். காதோரம் நரைத்திருந்தது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

“மாமா, இவாதான் சாருமதி. மேடையெல்லாம் அப்புறம், முதல்ல இங்கதான் வரணும்னா.”

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தாள். “சித்திக்குத்தான் முதல்ல படிக்கக் குடுத்தேன். அப்பாவைக் கொஞ்சம் மாத்தி எழுதுடின்னு கெஞ்சினா. நான்தான் கேக்கலை.”

பட்டாபிராமன் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். பழைய மனிதர்கள் எல்லாருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன். “யாரோ கதை எழுதறவாளாம். ஒரு இலை போடுங்கோ” என்றேன்.

அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாயசத்தை மட்டும் தொடவில்லை.

ஜலஜாவை ஏன் முதலிலேயே சந்தேகப்படவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். செத்துப்போனவளைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை சார். இத்தனை வருஷமாக அவளுக்குத் திதி வரும் நாளில் நான் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன்.

ஊர் பேசிவிட்டு ஓயும் என்று இருந்தேன். ஊர் ஜலஜாவைப் பற்றிப் பேசவில்லை, அதுதான் ஆச்சரியம். மறுவாரம் பட்டாபிராமன் செய்தித்தாளில் சுற்றிய ராடு ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். “தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்க கடைச் சாமானாலதான் உங்காத்துலயே இப்படி ஆயிடுத்துன்னு ஆத்துல பயப்படறா.” அடுத்து கல்யாணி மாமி மிக்ஸியைத் திருப்பினாள். ஏழுமலை வாசலில் நின்றபடியே, “சாமி, அன்னிக்கு வெட்டினீங்கல்ல?” என்று மறுபடி கேட்டான். எந்தக் குறையும் இல்லாத சாமான்கள் அலமாரி முழுக்கத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கின்றன. வெட்ட எனக்குக் கை வரவில்லை.

அதற்காகத்தான் வந்திருக்கிறேன். உங்கள் காகிதத்தில் விபத்து என்று இருக்கிறது, அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். விபத்து என்றால் கடைக்காரன் கெட்ட சாமானை அறியாமல் வீட்டில் வைத்திருந்தான் என்று அர்த்தமாகிறது. அந்த ராடு கெட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினேன். கரண்ட் வரும் என்று தெரிந்துதான் சுவிட்சைப் பற்றி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ராஜலக்ஷ்மியைக் கொன்றது நான், என் கடைச் சாமான் இல்லை. அதை நாலு பேர் படிக்கிற மாதிரி தெளிவாக எழுதிவிட்டீர்களானால் எங்கள் குடும்பத்தின் பெயர் காப்பாற்றப்பட்டுவிடும்.