கம்பத்தடியில் பதினொன்று

காலை ஐந்தேமுக்கால். லாங்கமார்க் ஊரைத் தாண்டி, பீட்ரூட் வயல்களுக்கு நடுவே ஒரு ஒற்றை ரோடு போகிறதே... அங்கே. அக்டோபர் மூடுபனி. கையை நீட்டினால் கை தெரியாது.

யோரிஸ், இந்தக் காவல் கொட்டகைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு இளிக்காதே. உன் பெரியப்பா ஒடீலுக்கு நடந்ததுதான் இது.

அந்த வருஷம் அவர் வயலில், முதல் உலகப் போர் முடிந்ததும் விஷவாயுக் குண்டுகளைப் புதைத்த குழி ஒன்று அகப்பட்டது. நம் வெடிகுண்டு அகற்றும் குழுதான் தோண்டியது. ரப்பர் உடைக்குள் மூன்று மாசம் வெந்தோம். முந்நூற்றுச் சொச்சம் குண்டு. கடைசியில் இரும்பைக் காட்டும் கருவியோடு வயல் முழுக்க நடந்து, ‘சுத்தம்’ என்று எழுதிக் கொடுத்தோம். கையெழுத்து என்னுடையது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஒடீலின் மகள் நெலே கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று தொட்டிலைச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டார்கள்.

மறுநாள் காலை ரோட்டோர மின்கம்பத்தடியில் ஒரு குண்டு.

உழும்போது அகப்படுவதைக் கம்பத்தடியில் வைப்பார்கள், ஏழு மணிக்கு நம் வண்டி வந்து எடுத்துப் போகும். அது இந்தப் பக்கத்து வழக்கம்தானே. ஆனால் ஒடீல் அன்று உழவே இல்லை. மெல்லத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே... களக். விஷம் அப்படியே இருந்தது.

அடுத்த நாளும் ஒன்று. அதற்கடுத்த நாளும்...

“என்னய்யா சுத்தம் பண்ணிக் கிழிச்சீங்க? பச்சப்புள்ள இருக்குற வீடுய்யா இது!”

“எவனோ உங்ககிட்ட விளையாடுறான் ஒடீல்ண்ணே.”

“விளையாடுறவன் கைய முறிச்சு அடுப்புல வைக்கிறேன் பாரு.”

பதினோராம் நாள். ஒடீல் விடியுமுன்னே முன்வாசல் வழியாக வெளியே வந்து, களஞ்சியக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். முதலில் பூண்டு வாடை, அந்த விஷவாயுவின் வாடை. அப்புறம் அந்தக் காலச் சிப்பாய்கள் போட்ட மாதிரி ஆணி அடித்த பூட்ஸ்... டக்... டக்... பாரம் தூக்குகிறவனுடைய மூச்சு. ஒரு வறட்டு இருமல். களக்... களக்... அவர் தோளுக்குப் பக்கத்திலேயே கடந்து போனது.

ஆள் இல்லை.

கொஞ்சம் வெளிச்சம் வந்தபோது பார்த்தார். கம்பத்தடியில் குண்டு. மண்ணில் ஈரத் தடம். வந்த வழியே போனால் திருட்டுப்பயல் எங்கிருந்து வருகிறான் என்று தெரிந்துவிடும் அல்லவா? டார்ச்சோடு கிளம்பினார். தடம் வயல் பக்கம் போகும் என்று நினைத்தார். போகவில்லை. முற்றத்தைத் தாண்டி... அவருடைய சமையலறைக் கதவில் போய் நின்றது. உள்பக்கம் தாழ் போட்ட கதவு.

முன்வாசல் வழியாக உள்ளே ஓடினார். கல் பாவிய தரையிலும் அதே சேறு. முதல் தடம் தொட்டிலுக்கு அடியில். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

“நெலே! புள்ளயத் தூக்கு! செருப்பெல்லாம் வேணாம், ஓடு!”

அன்றைக்கே தரையை உடைத்தோம். போர் முடிந்து வீட்டைத் திரும்பக் கட்டியபோது ஒடீலின் தாத்தா பாவிய கல். ஒன்றுகூட அசைந்ததில்லை. இரண்டடி கீழே இன்னொரு குழி. வரிசை வரிசையாகக் குண்டுகள், இடைவெளியே இல்லாமல். ஒரே ஒரு இடம் மட்டும் காலி. பதினொரு பள்ளம். சேர்த்துப் பார்த்தால் தொட்டிலின் நீளம், தொட்டிலின் அகலம். அதை ஒட்டி இருந்த குண்டு கசிந்துகொண்டிருந்தது.

முகமூடிக்குள்ளேயே அழுதேன். வெட்கம் இல்லை, சொல்கிறேன். வயலைப் பார்த்தோம், வீட்டுக்கு அடியில் பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை. நான் விட்டுவிட்டுப் போனதை எவனோ ஒருவன் தினம் ஒன்றாகச் சுமந்துகொண்டிருந்தான்.

“அதுக்கப்புறம் பெரியப்பா அந்த வீட்ல படுக்கவே இல்ல. அது நெசந்தான்,” என்கிறான் யோரிஸ். இப்போது இளிப்பு இல்லை.

சரி, இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன்? இந்தக் காவல் கொட்டகை நிற்கிற இடமும் ‘சுத்தம்’ என்று எழுதிய இடம்தான். நேற்றுக் காலை நம் கம்பத்தடியில் ஒன்று இருந்தது. இன்றும் ஒன்று. யார் வைத்தது என்று உங்கள் எல்லோரிடமும் கேட்டேன். ‘நான் இல்லை’ என்றுதான் எல்லோரும் சொன்னீர்கள்.

யோரிஸ்... மெதுவாக எழுந்திரு. அந்த விளக்கை உன் கட்டிலுக்கு அடியில் காட்டு.

சேறு இன்னும் காயவில்லை, பார்.