ஒன்பதாம் மலை ஜாடி

கதிரவன் காணாத கடலடி மலைகளின் உயிர்களைக் கண்ணாடி ஜாடிகளில் கண்ணும் கருத்துமாய்க் காத்து நின்ற காவலரே! காதோரம் பென்சிலும் கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடியுமாக முப்பத்தோர் ஆண்டுகள் இந்த இரண்டாம் மாடி ஆய்வகத்தை ஆண்ட எங்கள் பென்சில் அக்கா! வணக்கம்.

கப்பல் அள்ளி வந்த சேற்றில் கடற்பஞ்சையும் பவளத்தையும் கண்ணில்லா இறாலையும் பிரித்து, எந்த உயிர் எந்த மலையில், எவ்வளவு ஆழத்தில் என்று சுவர்ப்படத்தில் புள்ளி வைத்தீர்கள். அடுத்தடுத்த மலைகளில்கூட வெவ்வேறு உயிர்கள் குடியிருப்பதை அந்தப் படத்தில்தான் நாங்கள் படித்தோம். ஆனால் தாங்கள் ஒருநாளும் கப்பல் ஏறவில்லை. ஒருமுறை மாமியாருக்கு அறுவை சிகிச்சை. மறுமுறை மகளுக்குப் பிரசவம். மூன்றாம் முறை தங்கள் இடத்தை எங்களில் ஒருவருக்கே விட்டுக்கொடுத்து, "கடல் எங்க ஓடிப்போகப் போகுது? நீங்க போயிட்டு வாங்க" என்று சிரித்தீர்கள். கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஜன்னலை விட்டு நகராமல் நின்றீர்கள். கரையில் தங்கிய நாங்கள் அதையும் பார்த்தோம், அக்கா.

அந்தப் பயணத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. எந்த மலை, எவ்வளவு ஆழம் என்று ஜாடிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், உயிர் கெடாமலிருக்க ஊற்றும் ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும் என்று தாங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டும், அவசரத்தில் ஒருவர் பேனாவை எடுத்தார். ஜாடி வந்து சேர்ந்தபோது ஸ்பிரிட் நீலம், சீட்டு வெள்ளை. உள்ளே நூல்போல் மெலிந்த ஐந்து கைகளோடு, எவரும் கண்டிராத ஒரு நட்சத்திர மீன். எழுதியது யார் என்று தாங்கள் கேட்கவே இல்லை. "எந்த ஊருன்னு தெரியாம இத எங்க வைக்கிறது?" என்று சொல்லித் தங்கள் மேசையிலேயே வைத்துக்கொண்டீர்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலையில் வந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்கிறீர்கள். அந்தப் பயணத்தில் அள்ளிய ஒன்பது மலைகளில் எட்டின் சேற்றைச் சலித்துச் சலித்துப் பார்த்தும் அதன் இனம் அகப்படவில்லை. மிச்சம் இருப்பது ஒன்பதாம் மலை. அங்கே அன்று வலை கிழிந்து, ஒரே ஒருமுறைதான் அள்ள முடிந்தது.

அந்த மலைக்கு அடுத்த மாதம் கப்பல் கிளம்புகிறது. தாங்களோ இன்று ஓய்வு பெறுகிறீர்கள்! ஓய்வு பெற்றவருக்குக் கப்பலில் இடமில்லையாம். மூன்று முறை எழுதிக் கேட்டும் அலுவலகம் அசையவில்லை. எங்கள் ஆற்றாமையை மறைக்க எந்த அலங்காரச் சொல்லும் உதவவில்லை.

எங்களால் ஆனது ஒன்றே. ஒன்பதாம் மலையிலிருந்து வரும் முதல் ஜாடியை எவரும் திறக்கமாட்டோம். தாங்கள் வந்து தங்கள் நாற்காலியில் அமரும்வரை, அந்தப் பழைய ஜாடிக்குப் பக்கத்தில் அது காத்திருக்கும். அதுவரையும் அதற்கப்பாலும் கண் மங்காமல், கை நடுங்காமல், நலமே சூழ நெடுநாள் வாழ்க!

சட்டம் போட்டு மாட்டும் மடலைப் பென்சிலாலா எழுதுவது என்று சிலர் கேலி செய்தார்கள். அன்று பேனாவை எடுத்த கைதான், அக்கா, இதை எழுதுகிறது.

தங்களை அனுப்ப மனமில்லாத,
இரண்டாம் மாடி ஆய்வகத்தார்