அவள் பெயரில் ஏறிய புள்ளி

பிரௌசிங் சென்டர்கள் புதிதாக வந்த தொண்ணூறுகளின் கடைசி அது. கோயிலுக்குப் போய்விட்டு உக்கடத்தில் மதுக்கரை பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, உங்களாலதான் நான் தெனமும் தோக்கறனுங்க."

"நல்லாருக்குது அம்மணி! இன்டர்நெட் செஸ்ஸுல உன்ற பேர்ல ஆடி ஜெயிச்சுத்தான குடுத்தேன்?"

"அதுதானுங்க வெனை. ஜெயிச்சாப் புள்ளி ஏறும், தோத்தா எறங்கும். நம்ம புள்ளிக்குச் சமமான ஆளத்தான் கம்ப்யூட்டர் தேடிக் கூட்டியுடுது. நீங்க ஏத்துன புள்ளியப் பாத்துப்போட்டு, பெரிய பெரிய ஆளுங்களா எங்கூட மோதயுடுது. முன்னெல்லாம் ஆட்டம் கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போகும். இப்ப ராணி போறதே தெரியறதில்லீங்க."

"சரி உடு, நானே வேணும்னு தோத்து எறக்கிப்போடறேன்."

"வேண்டாமுங்க. எதுத்து ஆடறவனுக்குப் பொய்ப் புள்ளி ஏறிப்போகும். அப்புறம் அவனும் என்னையாட்டம் முழிப்பான். நானே ஒழுங்கா ஆடித் தோத்து எறங்கிக்கறேன்."

"சலிக்காதா?"

"சலிக்குந்தானுங்க. ஆனா தோக்கத் தோக்க என்ற எடம் கிட்ட வருதல்லங்க."

முகம் தெரியாத எவனோ ஒருவன் ஏமாறக் கூடாதென்று இந்தப் பெண் இத்தனை தோல்வியைத் தாங்குகிறாளே! முருகா, இவள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் இறங்க எழுந்தபோது கணவன் கேட்டான்: "அப்ப நான் இனி ஆடவே கூடாதா?"

"உங்களுக்குன்னு ஒரு பேர் வெச்சு ஆடுங்க. நான் மெதுவா ஏறி வாரேன். ஒருநா கம்ப்யூட்டரே நம்ம ரெண்டு பேரையும் சேத்து உடுமுங்க."